ஸ்கேன் நார்மல், ஆனால் கண் நரம்பில் வீக்கம்: காசிமேட்டிலிருந்து ஒரு கடிதம்

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 29 வயசு. காசிமேட்டுல இருக்கேன். ரெண்டு பிள்ளைங்க, சின்னவனுக்கு ரெண்டரை வயசு, சிசேரியன்ல பொறந்தவன். எம்.சி. ரோட்டுல ஒரு துணிக்கடையில வேலை பாக்கறேன். நாலு மாசமா தலைவலி. காலையில எழுந்திருக்கும்போதே மண்டை கனக்குது. இருமினா விண்ணுனு தெறிக்குது. அடிபம்புல குடத்தை வச்சிட்டு குனிஞ்சு நிமிர்ந்தா கண்ணு ரெண்டும் இருட்டிப்போயி, ரெண்டு மூணு செகண்ட்ல திரும்ப வருது. ராத்திரி படுத்தா காதுக்குள்ள உஸ்ஸு உஸ்ஸுனு அலை அடிக்கிற மாதிரி சத்தம். தலையில நீர் கோத்திருக்குன்னு அத்தை ஆவி பிடிக்கச் சொன்னாங்க, கேக்கல.

கண்ணாடி போடணுமோன்னு கண் டாக்டர்கிட்ட போனேன். பார்வை 6/6 இருக்கு, ஆனா ரெண்டு கண்ணுலயும் நரம்பு வீங்கியிருக்கு, உடனே நரம்பு டாக்டரைப் பாருங்கன்னாரு. எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கட்டி எதுவும் இல்ல, நார்மல்னாங்க. ஆனா ரிப்போர்ட்டுல 'பார்ஷியல் எம்ப்டி செல்லா'ன்னு போட்டிருக்கு. மூளையில ஏதோ காலியா இருக்காமே, அதுல இருந்து தூக்கமே இல்ல. இப்போ முதுகுல ஊசி போட்டு நீர் எடுக்கணும்னு சொல்றாங்க. ஊசி போட்டா இடுப்புக்குக் கீழ விளங்காம போயிடும்னு அத்தை ஒத்துக்க மாட்டேங்கறாங்க. வீட்டுக்காரர் லாஞ்சுல கடலுக்குப் போறவரு. மீன்பிடித் தடைக்காலத்துல வீட்டுல இருப்பாரு, அப்ப அட்மிட் ஆகலாம்னு நினைக்கிறேன். அதுவரைக்கும் தாங்குமா?

சின்னவன் பொறந்தப்புறம் 16 கிலோ ஏறிட்டேன். இப்ப 84 கிலோ, உயரம் 154 செ.மீ. கருத்தடை மாத்திரை சாப்பிடறேன். முகப்பருவுக்கு ஒரு கேப்சூல், பழைய சீட்டைக் காட்டி வாங்கிட்டே இருக்கேன். தலைவலிக்கு தினம் ரெண்டு மாத்திரை. இது மூளைக் கட்டியா டாக்டர்? மறைக்காம சொல்லுங்க.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தடைக்காலம் வரை காத்திருக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது பிப்ரவரி தொடக்கத்தில். தடைக்காலம் தொடங்குவது ஏப்ரல் 15. இரண்டு கண்ணிலும் நரம்பு வீங்கியிருக்கும் ஒருவர் இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போட எந்த நரம்பியல் மருத்துவரும் சம்மதிக்க மாட்டார். இந்த வாரத்துக்குள், முடிந்தால் நாளைக்கே போய்விடுங்கள். தலைவலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டிவிடலாம். பார்வை நரம்பு அப்படிப் பொறுக்காது. அந்த நரம்பு இழைகள் ஒருமுறை பட்டுப்போனால் அவற்றைத் துளிர்க்க வைக்கும் மருந்து இன்றுவரை இல்லை.

கட்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். எம்.ஆர்.ஐ.யில் கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா, அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். ஆனால் 'நார்மல்' என்று கேட்டவுடன் சிகிச்சையை நிறுத்திவிட்டு வீடு திரும்புகிறவர்கள் உண்டு. எனக்குக் கவலை அங்கேதான். ஸ்கேன் மூளையின் வடிவத்தைக் காட்டும். மண்டைக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்து சொல்லாது. உங்களை நேரில் பரிசோதிக்காமல் நோயின் பெயரை உறுதியாக எழுதக் கூடாது. இருந்தாலும் காலைத் தலைவலி, குனிந்து நிமிர்ந்தால் இருட்டு, காதில் சத்தம், வீங்கிய கண் நரம்பு, குறுகிய காலத்தில் ஏறிய எடை என எல்லாம் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன. மண்டையோட்டுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது.

பெரியவர்களின் மண்டையோடு விரிந்து கொடுக்காத எலும்புக் கூடு. உள்ளே மூளை, ரத்தம், மூளையைச் சுற்றி ஓடும் தெளிந்த நீர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. அந்த நீர் எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும். ஆனால் ஒரு நாளில் உற்பத்தியாவது ஏறக்குறைய 500 மில்லி. அதாவது சுரக்கச் சுரக்க வடிந்துகொண்டே இருக்க வேண்டும். வடிவது மூளையின் மேலுறையில் ஓடும் பெரிய ரத்த நாளங்களுக்குள். புளியந்தோப்புப் பக்கம் மழைக்காலத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஓட்டேரி நல்லா கால்வாய் நிரம்பி நின்றுவிட்டால், சாதாரண மழைக்கே தெருத் தண்ணீர் வடிய வழியில்லாமல் நிற்கிறது. உங்கள் தலையிலும் அதிகமாகச் சுரந்துவிட்டது என்பதைவிட, வடிய வேண்டிய இடத்தில் எதிர் அழுத்தம் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் பொருந்தும். அத்தை சொன்ன நீர் மூக்கைச் சுற்றியுள்ள எலும்புப் பொந்துகளில் கட்டும் சளி. அதற்கு ஆவி பிடித்தால் இதமாக இருக்கும். இந்த நீர் இருப்பது மண்டையோட்டுக்கு உள்ளே. ஆவி அங்கே எட்டாது.

காதில் கேட்கும் சத்தத்தை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கையில் நாடி பிடித்துக்கொண்டு கவனித்தால், சத்தமும் நாடியும் ஒரே தாளத்தில் போகக்கூடும். அப்படிப் போனால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கேட்டால் ஒழிய யாரும் தாமாகச் சொல்லாத அறிகுறி இது.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த 'எம்ப்டி செல்லா'வுக்கு வருகிறேன். மூளையின் அடிப்பகுதியில், இரு கண்களுக்கும் பின்னால், பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி உட்காரும் ஒரு எலும்புக் குழி இருக்கிறது. மேலிருந்து நீரின் அழுத்தம் வெகுநாள் படும்போது அந்தச் சுரப்பி தட்டையாகி, குழியின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. படத்தில் குழி பாதி காலியாகத் தெரியும். மூளையில் எதுவும் காணாமல் போகவில்லை. உண்மையில் அந்த வரி, அழுத்தம் கூடியிருக்கிறது என்பதற்கு ஸ்கேன் கொடுத்த சாட்சி. அழுத்தம் இல்லாதவர்களுக்கும் சில சமயம் அப்படித் தெரிவதுண்டு என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. உங்களுக்கோ கண் நரம்பும் சேர்ந்து பேசுகிறது.

பார்வை 6/6 என்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது இங்கேதான். போர்டில் உள்ள எழுத்தைப் படிப்பது நடுப்பார்வை. மண்டையின் அழுத்தம் கண் நரம்பின் உறை வழியாகவே கண்ணின் பின்புறம் வரை போய், நரம்பை நெரிக்கிறது. அப்போது முதலில் போவது ஓரப் பார்வை. குருட்டுப் புள்ளி பெரிதாகும், மூக்குப் பக்கம் கீழ்ப்புறம் மங்கும், பிறகு சுற்றிலும் இருந்து சுருங்கிக்கொண்டே வரும். கடைசிவரை நடுவில் எழுத்து தெளிவாகத் தெரிந்துகொண்டிருக்கும். சாலையைக் கடக்கும்போது பக்கவாட்டில் வந்த பைக் தெரியவில்லை, கதவு நிலையில் தோள் இடித்தது என்று ஆரம்பிக்கும். கவனக்குறைவு என்று வீட்டில் திட்டுவார்கள். அதனால் உங்களுக்கு உடனே வேண்டியது ஃபீல்டு டெஸ்ட். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அங்கங்கே சின்ன வெளிச்சம் மின்னும்போது கையிலுள்ள பட்டனை அழுத்த வேண்டும். வலியே கிடையாது. 1819-இல் தொடங்கிய நம் எழும்பூர் கண் மருத்துவமனையில் இதைச் செய்துகொள்ளலாம். முதல் முறை பழக்கமில்லாமல் கணக்கு தவறலாம். திரும்பச் செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த முதல் படம்தான் இனி வரும் மாதங்களுக்கெல்லாம் அளவுகோல்.

இப்போது முதுகு ஊசி. அத்தையின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊசி போட்ட பிறகு நடக்க முடியாமல் போன யாரையாவது அவர் பார்த்திருக்கலாம். பல சமயம், ஊசி போடக் காரணமாக இருந்த நோயே நடையை எடுத்துவிடுகிறது. பழி ஊசி மேல் விழுகிறது. தண்டுவடம் முதுகின் அடிவரை போவதில்லை. இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்போடு அது முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாவது நான்காவது எலும்புகளின் நடுவில், அல்லது அதற்கும் அடுத்த இடைவெளியில். அங்கே தண்டுவடம் இல்லை. நீரில் மிதக்கும் நரம்பு வேர்கள்தான் உண்டு, ஊசி வந்தால் அவை பெரும்பாலும் விலகிக் கொடுக்கும். சின்னவனுக்கு சிசேரியன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், அதுவும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். அதன் பிறகு நீங்கள் எழுந்து நடந்து பிள்ளையைத் தூக்கவில்லையா? இதை அத்தையிடம் சொல்லுங்கள். ஜெர்மனியில் குவின்கே என்ற மருத்துவர் 1891-இல் செய்து காட்டிய முறை இது. உலகம் முழுக்க 130 ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்து பழகிய கை.

பக்கவாட்டில் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொல்வார்கள். மரப்பு ஊசி போட்ட பிறகு, மெல்லிய ஊசியை உள்ளே விட்டு அதன் தலையில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்துவார்கள். நீர் அந்தக் குழாயில் எவ்வளவு உயரம் ஏறுகிறதோ அதுதான் அழுத்தம். பெரியவர்களுக்கு 25 சென்டிமீட்டரைத் தொட்டால் அதிகம் என்று கணக்கு. அளக்கும்போது மூச்சை அடக்காமல், காலைக் கொஞ்சம் தளர்த்தி, அமைதியாகப் படுத்திருங்கள். உடம்பை இறுக்கினால் அளவு பொய்யாக ஏறும். எடுத்த நீரைப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். நம் ஊரில் காசநோய் மூளையுறையைத் தாக்கினாலும் இதே போல அழுத்தம் ஏறும். அது இல்லை என்று தெரிந்துகொள்ள வேறு நல்ல வழி இல்லை. ஊசி முடிந்த பின் சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலை வலிக்கும், படுத்தால் குறையும். பெரும்பாலும் சில நாளில் தானே போய்விடும். போகாவிட்டால் அதற்கும் சிகிச்சை உண்டு. நீர் எடுத்தவுடன் தலை லேசாகி, குணமாகிவிட்டது என்று தோன்றும். நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள். எடுத்த நீரை உடம்பு சில மணி நேரத்தில் மறுபடி சுரந்துவிடும்.

ஊசிக்கு முன் நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: 'எம்.ஆர்.வி. எடுத்தாச்சா டாக்டர்?' மூளையின் ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் அந்தப் பெரிய நாளங்களில் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் அது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் அது தப்பிவிடக்கூடும். நீங்கள் சாப்பிடும் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால், ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். உறைந்திருந்தால் அது வேறு நோய், வேறு மருந்து, ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மருத்துவரைப் பார்த்தவுடன் மாத்திரை அட்டையைக் காட்டி, காப்பர்-டி போன்ற வேறு வழிக்கு மாறலாமா என்று கேளுங்கள்.

பிள்ளை பெற்ற வீடுகளுக்கும் இங்கே ஒரு வார்த்தை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போடும், சளி பிடிக்கும் என்று நம் பக்கம் இன்னும் அளந்து அளந்து தண்ணீர் கொடுக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மையோடு இருக்கிறது. அதோடு நீர் வற்றினால் மூளையின் நாளத்தில் உறைவு ஏற்பட வழியாகிறது. பத்தியத்தில் எதை வேண்டுமானாலும் வையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். பிள்ளை பெற்று சில வாரங்களில் விடாத தலைவலியோ வலிப்போ வந்தால், காற்று கருப்பு என்று ஒரு இரவைக் கூடக் கடத்தாதீர்கள்.

முகப்பரு கேப்சூலின் பெயரை நீங்கள் எழுதவில்லை. டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் வகையாக இருந்தாலும், வைட்டமின் ஏ-யிலிருந்து செய்யும் ஐசோட்ரெட்டினாயினாக இருந்தாலும், இரண்டுமே மண்டை அழுத்தத்தைக் கூட்டக்கூடியவை என்று நன்றாகத் தெரிந்த மருந்துகள். இன்றே நிறுத்துங்கள். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும்போது கரு தரித்தால் குழந்தைக்குப் பெரும் கேடு; பழைய சீட்டைக் காட்டி வாங்கித் தின்னும் மருந்தே அல்ல அது. காலி அட்டையைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தினம் இரண்டு தலைவலி மாத்திரை என்பதும் நிற்க வேண்டும். மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை சாப்பிட்டால், கலவை மாத்திரையாக இருந்தால் 10 நாளிலேயே, அந்த மாத்திரையே புதிய தலைவலியை உண்டாக்கும். அப்புறம் எது எந்த வலி என்று பிரிக்கவே முடியாது.

எம்.ஆர்.வி.யில் உறைவு இல்லை, நீர் சுத்தமாக இருக்கிறது, அழுத்தம் மட்டும் அதிகம் என்று வந்தால், காரணம் தெரியாத மண்டை அழுத்தம் என்று முடிவு செய்வார்கள். குழந்தை பெறும் வயதில், எடை கூடிய பெண்களுக்கே இது பெரும்பாலும் வருகிறது. வட அமெரிக்காவில் 165 பேரை வைத்து நடத்தி 2014-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் 161 பேர் பெண்கள். ஒல்லியானவருக்கோ ஆணுக்கோ இது வந்தால், வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று இன்னும் துருவித் தேட வேண்டும்.

அந்த ஆய்வில் சோதித்த மருந்து அசெட்டசோலமைடு. நீர் சுரப்பதைக் குறைக்கும். உப்பைக் குறைத்து எடை குறைக்கும் உணவோடு இதையும் சேர்த்து ஆறு மாதம் எடுத்தவர்களுக்கு, உணவு மாற்றம் மட்டும் செய்தவர்களைவிடப் பார்வைப் பரப்பு மேம்பட்டது. தொடங்கியதும் விரல் நுனியும் உதடும் எறும்பு ஊர்வது போலக் கூசும், சோடா குடித்தால் நாக்கில் உலோகச் சுவை அடிக்கும், அடிக்கடி சிறுநீர் வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவரா, சிறுநீரகக் கல் வந்ததா, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், சொல்லும்போது ரத்தத்தில் பொட்டாசியம் பாருங்கள். டோபிராமேட் என்ற மாத்திரை கொடுத்தால், அது கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடியது, கருவுக்கும் ஆகாது என்பது நினைவிருக்கட்டும். ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள். கடுமையான ரத்தசோகையும் இந்த அழுத்தத்துக்குத் துணை போகும்.

மருந்து பார்வையைக் காத்து நேரம் வாங்கித் தரும். நோயை அடக்குவது எடை குறைவதுதான். இதை உங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. இரண்டு பிள்ளை, நாள் முழுக்கக் கடையில் நிற்கும் வேலை, கணவர் கடலில் என்று ஓடும் உடம்புக்குக் கிடைத்ததைச் சாப்பிடத்தான் நேரம். ஆனால் 84 கிலோவில் நான்கு கிலோ குறைந்தாலே பலருக்குப் பலன் தெரிய ஆரம்பிக்கும். எட்டு முதல் பன்னிரண்டு கிலோ போனால் நோய் அடங்கும் வாய்ப்பு நன்றாகக் கூடுகிறது. பட்டினி வேண்டாம். கடையில் வரும் டீயில் சர்க்கரையை நிறுத்துங்கள். சாயங்காலப் பஜ்ஜிக்கு வேக வைத்த சுண்டல் போதும். உங்கள் ஊரில் மீனுக்குப் பஞ்சமா? சங்கராவோ மத்தியோ, குழம்பாக வையுங்கள், வறுவலை விடுங்கள், சோற்றைப் பாதியாக்கிக் காயைக் கூட்டுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் உப்பு மூட்டை. நோய் அடங்கும்வரை தள்ளி வையுங்கள். தினம் அரை மணி நேரம் நடங்கள். மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ என்று இறங்கினால் போதும்.

மருந்துக்கும் மீறிப் பார்வை இறங்கினால் அறுவைச் சிகிச்சை உண்டு. தலை நீரை வயிற்றுக்குள் வடிக்கும் ஷன்ட் குழாய் வைப்பார்கள், அல்லது கண் நரம்பின் உறையில் சிறு சன்னல் திறப்பார்கள். சிலருக்குக் குறுகிய ரத்த நாளத்தை விரித்து வைக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய். எல்லோருக்கும் அது தேவைப்படுவதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை மட்டும் கையோடு வைத்திருங்கள்.

போகும்போது எம்.ஆர்.ஐ. படமும் சி.டி.யும், கண் டாக்டரின் சீட்டு, எல்லா மாத்திரை அட்டைகளும் ஒரே பையில் இருக்கட்டும். அத்தையையும் அழைத்துப் போங்கள். ஊசி எங்கே போடப்போகிறார்கள் என்று மருத்துவரிடமே அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். அதன் பிறகு கண் பரிசோதனைக்கும் ஃபீல்டு டெஸ்ட்டுக்கும் சொன்ன தேதியில் தவறாமல் போங்கள், தலைவலி இல்லாத மாதத்திலும்.

இதற்கிடையில் பார்வை திடீரென மங்கினாலோ, தூரத்துப் பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், மயக்கமான தூக்கம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு இவற்றில் எது வந்தாலும், நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கணவர் கடலில் இருக்கும் நாட்களில் உங்களோடு யார் வருவார்கள், பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை அவர் அடுத்த முறை கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.